காதால் ட்யூன் செய்த கார்புரேட்டர்

மேட்டுப்பாளையத்தில் சீராக ஓடிய பெட்ரோல் ஜீப், ஊட்டி ஏறியதும் கரும்புகை விடும். எஞ்சினில் கோளாறு எதுவும் இருக்காது. 2,200 மீட்டருக்கு மேலே காற்றின் அடர்த்தி, கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக்கென்று வைத்த ஜெட் என்ற சிறு துளை வழியாகப் பெட்ரோலைத் தாராளமாக இறக்கிக்கொண்டே இருக்கும். மலைக்குத் தகுந்தபடி அதைத் திருத்த ஒரு மெக்கானிக்கின் கை வேண்டும்.

1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பின்னால் வந்த ஜீப்புகளில் 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்புரேட்டர். காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஐட்லிங் நிற்காது, ஏற்றத்தில் இழுக்காது என்று எந்தப் புகார் வந்தாலும் முதல் பழி அதன் மேல்தான்.

ஆனாலும் அன்று யாரும் அதைச் சட்டென்று மாற்றிவிடுவதில்லை. மெக்கானிக் கழற்றுவார், பெட்ரோலில் கழுவுவார், ஜெட்டை வாயில் வைத்து ஊதுவார். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பார்ப்பார். உள்ளே சலசலத்தால் ஓட்டை. நீடில் முனையில் நகத்தை ஓட்டுவார்; தடம் விழுந்திருந்தால் ஓவர்ஃப்ளோவுக்குக் காரணம் அதுதான். பேக்கிங் கிடைக்கவில்லையென்றால் தாளைக் கார்புரேட்டர் மேல் வைத்துச் சுத்தியலால் விளிம்பைத் தட்டியே வெட்டி எடுப்பார். எதுவும் தேறாவிட்டால்தான் சென்னை புதுப்பேட்டையில் பழைய உருப்படி தேடிப் போவது.

மாட்டிய பிறகுதான் வித்தை. ஐட்லிங் கலவை ஸ்க்ரூவை உள்ளே திருக, எஞ்சின் திக்கும். வெளியே விட, குமுறும். இரண்டுக்கும் நடுவில் கால் சுற்று இடம்தான். அதைக் காதால் பிடிப்பார்கள். பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள்: கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறமென்றால் சரி.

இன்று அந்த ஜீப்புகளில் பல டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டன. மிஞ்சியவை ஆர்வலர்களிடம் இருக்கின்றன. போனில் சொன்னால் புதுக் கார்புரேட்டர் அட்டைப்பெட்டியில் வீடு வந்து சேர்கிறது. பெட்ரோல் குழாய், சோக் கேபிள், ஆக்சலேட்டர் ராடு, அடியில் சில நட்டுகள் என்று கழற்றினால் அரை மணி நேர வேலை. பழையதைப் பிரித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

புதிய வண்டிகளுக்கோ இந்தக் கவலையே இல்லை. ஊட்டி ஏறினால் சென்சார் காற்றை அளக்கிறது, கணினி பெட்ரோலைக் குறைக்கிறது. ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்புரேட்டர் செய்த சென்னையின் யூகால், இன்ஜெக்ஷன் எஞ்சின்களுக்கான த்ராட்டில் பாடி செய்யும் நிலைக்கு வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதி வந்ததும் புது பைக்குகளில் பெரும்பாலானவையும் கார்புரேட்டரைக் கைவிட்டன. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. இதில் வருந்த ஒன்றுமில்லை.

பழைய ஜீப்புக்குத்தான் சோதனை. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. அந்தக்கால ரப்பர் டயஃப்ரமும் பேக்கிங்கும் எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈர்க்கும் ஈரத்தால் டேங்க்கில் பிடிக்கும் துரு ஜெட்டை அடைக்கிறது. புதிதாக மாட்டிய கார்புரேட்டரும் அதே டேங்க்கிலிருந்துதான் குடிக்க வேண்டும். ஆகவே பழைய புகார் திரும்பி வருகிறது.

பொருள் கிடைப்பது எளிதாகிவிட்டது. கோளாறு எங்கே என்று சொல்லும் ஆள்தான் அரிதாகிவிட்டார். எனவே பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுக் கார்புரேட்டருக்குப் பணம் கட்டுமுன் டேங்க்கைக் கழுவுங்கள், பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள், இக்னிஷன் பாயின்ட் இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அடிப் பேக்கிங்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் பீய்ச்சுங்கள். ஓசை மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் புதுக் கார்புரேட்டர் வாங்குங்கள்.