தைப் பட்டத்தில் வீட்டுத் தோட்டம்: திண்டுக்கல்லில் மண்ணுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

பொங்கல் முடிந்த கையோடு நர்சரிகளில் கூட்டம் கூடிவிடும். கத்தரி நாற்று, தக்காளி நாற்று, ஒரு பாக்கெட் வெண்டை விதை, நாலு குரோ பேக். மாடிக்கு ஏற்றி, நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினால் மாசி வரை எல்லாம் நன்றாகத்தான் போகும். பங்குனி பிறக்கும்போது சிக்கல் தொடங்கும். இலை ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பாகும், பூ உதிரும், மண்ணின் மேல் வெள்ளையாக எதுவோ பூத்து நிற்கும். “டெய்லி தண்ணி ஊத்துறேனே, அப்புறம் ஏன் கருகுது?”

தினமும் ஊற்றிய அந்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம். வெயில், பூச்சி, விதை என்று எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர்கள் பைப்பை மட்டும் சந்தேகப்படுவதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டு போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1500 என்று வையுங்கள். அதாவது ஒரு லிட்டரில் 1500 மில்லிகிராம், ஒன்றரை கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஒரு பைக்கு நாளைக்கு ஒரு லிட்டர் ஊற்றினால், 90 நாளில் 135 கிராம் உப்பு உள்ளே போகிறது. செடி தண்ணீரை உறிஞ்சுகிறது, வெயிலும் கொஞ்சம் குடிக்கிறது. உப்பில் பெரும்பகுதி போக இடமில்லாமல் பையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல், மண் ஈரமாக இருந்தாலும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. பார்ப்பவருக்குச் செடி தாகத்தில் வாடுவது போலத் தெரியும். உடனே இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள்.

ஆடிப் பட்டத்தில் இது இவ்வளவு கடுமையாகத் தெரிவதில்லை. ஆடியில் விதைத்தால், பின்னாலேயே ஐப்பசி, கார்த்திகை மழை வந்து பையை அலசிவிடும். தைப் பட்டத்தில் அந்த வசதி கிடையாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு நடுகிறோம். அடுத்து நம்பக்கூடியது கோடை மழைதான், அதுவும் வந்தால்தான் உண்டு. இடையில் வரும் இரண்டு, மூன்று மாதம் செடிக்குக் கிடைப்பது நீங்கள் ஊற்றும் தண்ணீர் மட்டுமே.

திண்டுக்கல்லில் ஏன் இது பெரிய விஷயம்?

நகரமும் சுற்றியுள்ள சமவெளியும் கடினப் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. பாறை இடுக்கில் நீண்ட காலம் தேங்கிய தண்ணீர் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு கனமாகிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி என்பதால் அதை நீர்க்கச் செய்யும் மழையும் குறைவு.

இதோடு தோல் பதனிடும் தொழிலின் மிச்சமும் சேர்ந்துகொண்டது. பேகம்பூர், வத்தலக்குண்டு சாலைப் பக்கங்களில் பல பத்தாண்டுகளாக ஏராளமான தோல் தொழிற்சாலைகள் இயங்கின. தோலைப் பதப்படுத்த உப்பு மூட்டை மூட்டையாகப் போகும், பதனிட குரோமியம் சேரும். கழிவு கொடகனாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் இறங்கியது. 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தமிழகத் தோல் தொழிற்சாலைகள் பற்றிக் கொடுத்த தீர்ப்பில், அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இடம்பெற்றது. ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. ஆனால், தீர்ப்பு வந்த வேகத்தில் நிலத்தடி நீர் மாறிவிடாது.

ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரித் திட்டத்திலிருந்தும் வரும் குழாய்த் தண்ணீர் பல வீடுகளில் குடிக்க, சமைக்கப் போய்விடுகிறது. மாடிச் செடிக்கு மிஞ்சுவது போர் தண்ணிதான்.

மீட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் முக்கிக் காட்டுவாரே, அதுதான் டி.டி.எஸ். மீட்டர். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும். பாசனத் தண்ணீருக்கு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: 450-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2000 வரை பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 2000-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளுக்குக் கஷ்டம்தான்.

நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் வேலை ஒன்று, ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது. 1500 டி.டி.எஸ். தண்ணீர் மூன்று லிட்டர் மெஷினுக்குள் போய், ஒரு லிட்டர் 100 டி.டி.எஸ்.ஸில் நல்ல நீராக வந்தால், மீதி இரண்டு லிட்டரின் டி.டி.எஸ். 2200 ஆகிவிடும். அதைத் தரை கழுவ, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக்காக சாஃப்ட்னர் போட்ட வீடுகளில் இன்னொரு கவனம் தேவை. அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கிறது. சோப்பு நன்றாக நுரைக்கும், ஆனால் மண்ணுக்கு ஆகாது. அதனால் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே ஒரு குழாய் பிரித்துச் செடிக்குக் கொண்டுபோவது நல்லது.

கெட்ட தண்ணீரை நல்லதோடு கலக்கலாம். 1500-ல் ஒரு வாளி, 300-ல் ஒரு வாளி கலந்தால் 900 வரும். மழை நீர் இருந்தால் இன்னும் இறங்கும். தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது. அந்தக் குழாயிலிருந்து ஒரு டிரம்முக்கு வழி விட்டால், ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழைக்கே 700 லிட்டருக்கு மேல் பிடிக்கலாம். அதை நாற்றுக்கும் விதைக்கும் ஒதுக்குங்கள். முளைக்கும் வயதில்தான் பெரும்பாலான செடிகள் உப்புக்கு அதிகம் பயப்படும்.

எதை நடலாம்?

மீட்டர் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டினால் பீன்ஸ், கேரட், வெங்காயத்தில் ஆசை வைக்க வேண்டாம். முதலில் படுப்பவை இவைதான். கத்தரி, மிளகாயும் கொஞ்சம் சுணங்கும். தக்காளி அவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் இன்னும் தெம்பானவை, ஆனால் பீட்ரூட் விதையை மட்டும் நல்ல தண்ணீரில் முளைக்க வைக்க வேண்டும். உப்பை நன்றாகத் தாங்கும் காய் கொத்தவரை. ஃபோட்டோ போட்டால் லைக் வராத காய்தான், என்றாலும் போர் தண்ணி வீட்டில் ஏமாற்றாது.

தயாரிப்பில் கவனிக்க வேண்டிய முதல் ஆள் தேங்காய் நார்க்கழிவு. குரோ பேக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். கழுவாத கட்டியில் அதற்கே உரிய உப்பு நிறைய இருக்கும். ஊற வைத்து, பிழிந்து, வடியும் தண்ணீரில் மீட்டரை முக்கிப் பாருங்கள். அளவு நீங்கள் ஊற்றிய தண்ணீருக்குப் பக்கத்தில் வரும்வரை இரண்டு, மூன்று தடவை அலச வேண்டும். பிறகு செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டையும் சம பங்கு சேர்க்கலாம். பையின் அடியில் துளைகள் தாராளமாக இருக்கட்டும்.

நட்ட பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் உப்பை வளர்க்கும் பழக்கம். பத்து நாளுக்கு ஒரு முறையாவது, இருப்பதில் நல்ல தண்ணீரை அடியில் வடிந்து ஓடும்வரை ஊற்றுங்கள். உப்பு வெளியேற அது ஒன்றுதான் வழி. உப்புத் தண்ணீரை இலை மேல் தெளிக்கக் கூடாது, இலை கருகும். மண்ணின் மேல் காய்ந்த சருகு போட்டு மூடினால் ஆவியாவது குறையும். கோடை மழை வரும் அன்று பைகளை நிழல்வலைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து நனைய விடுங்கள்.

தரையில் பாத்தி போடுகிறவர்கள், அதுவும் பழைய தோல் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள், மீட்டரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அது மொத்த உப்பைத்தான் காட்டும், குரோமியம் இருக்கிறதா என்று சொல்லாது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரையும், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் கொடுக்கும்போதே, குரோமியத்துக்கு எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். செடிக்குள் போகும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரில்தான் தங்கும். அதனால் முடிவு வரும்வரை முள்ளங்கி, பீட்ரூட் மாதிரி கிழங்குகளை அந்த மண்ணில் போட வேண்டாம்.

நாள் தள்ளிப்போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. கத்தரி, தக்காளிக்கு விதையிலிருந்து நாற்றாக 25, 30 நாள் ஆகும் என்பதால், தை பாதிக்கு மேல் தொடங்குகிறவர்கள் குழித்தட்டு நாற்று வாங்குவதே புத்திசாலித்தனம். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இந்த முறையில்தான் நாற்று வளர்க்கிறது. வெண்டையை பிப்ரவரியில் நேரடியாக விதைக்கலாம். அதற்குள் நார்க்கழிவை அலச ஒரு ஞாயிற்றுக்கிழமையும், மீட்டர் கூரியரில் வர நாலு நாளும் போதும்.