நெடுவழிச் சைக்கிள் பயணமும் கோதுமை நீங்கிய உணவும்

பிரான்ஸ் நாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஆகஸ்டு மாதத்தில், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் நெடுவழிச் சைக்கிள் பயணம் நடைபெறுகிறது. 1891இல் பந்தயமாகத் தொடங்கிய இஃது இன்று பந்தயமன்று. ஏறத்தாழ 1200 கிலோமீட்டரை 90 மணி நேரத்திற்குள் கடந்து முடித்தல் வேண்டும் என்பதே இதன் விதி. 2023இல் 6000க்கும் மேற்பட்டோர் இதில் கலந்துகொண்டனர். அவர்களுள் இந்தியரும் பலர். கலந்துகொள்ள விரும்புவோர் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் முன்பயணங்களைக் குறித்த காலத்திற்குள் முடித்திருத்தல் வேண்டும்.

இத்தகைய பயணத்தில் கால்களின் வலிமையோடு வயிற்றின் நலமும் சோதிக்கப்படுகிறது. கோதுமை உண்ண இயலாத ஒருவருக்கு இச்சோதனை இருமடங்காகும். என் தமக்கையின் மகன் அத்தகையவன். ஆகவே இப்பொருளை நான் ஓரளவு அருகிருந்தே அறிவேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உள்ளது. இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்குப் பசை என்பது பொருள். சப்பாத்தி மாவு இழுத்தால் அறாமல் நீள்வது இதனாலேயே. சீலியாக் நோய் உடையவர் இதனை உண்டால், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் உறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. 1944–45இல் ஹாலந்தில் பஞ்சம் நேர்ந்து ரொட்டி கிடைக்காதபோது, இந்நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பிற்று. விலெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், கோதுமையே காரணம் என்று தாம் முன்பே கொண்டிருந்த ஐயத்திற்கு இதில் வலுவான ஆதாரம் கண்டார்.

இனி, கோதுமையின்றி நெடும்பயணத்திற்கு வேண்டிய வலிமை கிட்டுமா என்று வினவலாம். ஐயமின்றிக் கிட்டும். உழைக்கும் தசைகளுக்கு முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தும் சர்க்கரையுமே, குளூட்டன் அன்று. உடலில் சேமித்துள்ள மாவுச்சத்து, கடும் உழைப்பில் இரண்டு மணி நேர அளவில் குறைந்துவிடும். ஆகவே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை அச்சத்தை உட்கொண்டவண்ணம் செல்லுதல் வேண்டும். நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உள்ளது. 100 கிராம் சோற்றிலும் அவ்வளவே. உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, பேரீச்சம்பழம், பொரி, வெல்லம் சேர்த்த வேர்க்கடலை உருண்டை ஆகியனவும் ஏற்றவை.

எனவே, இடர் உணவின் பற்றாக்குறையில் இல்லை. அதன் பெயரில் மறைந்திருக்கிறது. சோறும் பருப்பும் தீங்கற்றவை என்றே நாம் எண்ணுவோம். ஆனால் கடையில் விற்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் மைதா கலந்திருக்கும். ரவை என்பதும் சேமியா என்பதும் பெரும்பாலும் கோதுமையே. மால்ட் சேர்ந்த பானத்தில் பார்லி உண்டு. சோயா சாஸிலும் பொதுவாகக் கோதுமை உண்டு.

அவன் தன் 600 கிலோமீட்டர் முன்பயணத்தில், நள்ளிரவில், சாலையோர தாபா ஒன்றில் ரொட்டியை மறுத்துப் பருப்பும் சோறும் உண்டான். விடியுமுன் வயிறு கலங்கிற்று; குடித்த நீரும் தங்கவில்லை. ஏறத்தாழ 410ஆம் கிலோமீட்டரில் வண்டியை விட்டு இறங்கினான். தாளிப்பில் இட்ட பெருங்காயத்தூளில் மைதா இருந்தது பின்னர்த் தெரிந்தது. வேறு காரணம் அவனுக்குப் புலப்படவில்லை. ஓராண்டுப் பயிற்சி அவ்விடியலில் முடிவுற்றது. நெடுநேரம் உழைக்கும்போது இரத்தம் தசைகளை நாடிச் செல்வதால், குடல் இயல்பாகவே தளர்ந்திருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பிரான்சில் பெயர்கள் வேறு வகையில் மயக்குகின்றன. பாதையின் மேற்பகுதியான பிரித்தானி மாநிலத்தில் காலெத் என்னும் மெல்லிய தோசை பெயர்பெற்றது. அதன் மாவைக் ‘கருங்கோதுமை’ என்றே அங்கு அழைப்பர். ஆயினும் அது கோதுமையே அன்று; வட இந்தியர் நவராத்திரி விரதத்தில் உண்ணும் குட்டு என்பது அதுவே! கோதுமை என்ற பெயரைக் கேட்டு அஞ்சி, உண்ணத்தக்கதை விலக்கிவிடவும் கூடும். எனினும் சிலர் அதனோடு கோதுமை மாவைக் கலப்பர். கிரேப் என்ற இனிப்புத் தோசையோ கோதுமையாலாயது. இரண்டையும் ஒரே கல்லில் வார்ப்பதும் உண்டு. எனவே கேட்டறிந்தே உண்ணல் வேண்டும்.

இதன்பொருட்டு அலுவலகத்தில் பிரெஞ்சு அறிந்த நண்பர் ஒருவர் துணையால் ஒரு சிறு சீட்டு எழுதினேன். ‘எனக்குக் கோதுமை, பார்லி, ரை மூன்றும் நோய் தரும், மாவு சிறிதேனும் கலந்துள்ளதா? ரொட்டி வைத்த பாத்திரமா?’ என்பதே அதன் வாசகம். இந்தியாவில் காட்டுதற்கு இந்தியிலும் எழுதியுள்ளேன். அதில் பெருங்காயத்தைத் தனியே குறிப்பிட்டேன். உதவி வண்டிகள் சோதனைச் சாவடிகளில் மட்டுமே துணைபுரியலாம் என்பது அப்பயணத்தின் விதி. ஆதலால் இடையே உண்பதற்குரியதைச் சட்டைப்பையிலும் வண்டிப்பையிலும் கொண்டுசெல்லல் வேண்டும். புதிய உணவைப் பயண நாளில் முதன்முறையாக உண்ணலாகாது. பயிற்சியின்போதே பழகிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நோயில்லாதவர் கோதுமையை நீக்கினால் வேகம் கூடும் என்பதற்குத் தக்க சான்றில்லை. நோய் இருக்குமோ என்று ஐயுறுவோரும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடலாகாது. நிறுத்தியபின் செய்யும் இரத்தப் பரிசோதனை உண்மையை மறைத்துவிடக்கூடும். முதலில் மருத்துவரை நாடுக.

அவன் மீண்டும் 200 கிலோமீட்டரிலிருந்து தொடங்கியிருக்கிறான். அவன் பையில் இப்போது உருளைக்கிழங்கும், வேர்க்கடலை உருண்டையும், அச்சீட்டும் இருக்கின்றன.