ஆயிரம் பேர் அழைத்தார்கள்... பாடகர் வந்தே விட்டார்!

இத்தாலியில் செசெனா என்று ஒரு சிறிய நகரம். அமெரிக்க ராக் இசைக்குழுவான ஃபூ ஃபைட்டர்ஸ் தங்கள் ஊரில் ஒரு கச்சேரி செய்ய வேண்டும் என்பது அங்கிருந்த ரசிகர்களின் ஆசை. உலகம் சுற்றும் குழுவைச் சின்ன ஊருக்கு எப்படி வரவழைப்பது?

2015 ஜூலையில் ஒரு மைதானத்தில் ஆயிரம் இசைக்கலைஞர்கள் கூடினார்கள். டிரம்ஸ், கிட்டார், பேஸ், குரல் என எல்லோரும் சேர்ந்து அந்தக் குழுவின் 'லேர்ன் டு ஃப்ளை' பாடலை ஒரே நேரத்தில் வாசித்தார்கள். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்ற அழைப்போடு அந்த வீடியோ வெளியாக, உலகமே பார்த்தது.

குழுவின் தலைவர் டேவ் க்ரோல், தட்டுத்தடுமாறி இத்தாலிய மொழியிலேயே பேசி, வருகிறோம் என்று பதில் வீடியோ அனுப்பினார். நவம்பர் 3-ம் தேதி சொன்னபடி செசெனாவில் கச்சேரியும் நடந்தது!

க்ரோல் அப்படிப்பட்டவர்தான். அதே ஆண்டு ஜூனில் சுவீடனில் மேடையிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. வந்த கூட்டத்தை ஏமாற்ற மனமில்லாமல், கட்டுப் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பி கச்சேரியை முடித்துக்கொடுத்தார்.

ரசிகர்களைக் கவனிக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 1963-ல் பீட்டில்ஸ் குழுவுக்குக் கடிதங்கள் மலைபோல் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வழியில்லை. அதனால் நால்வரும் சேர்ந்து பேசி, பாடி, கிண்டலடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்தை ஒரு மெல்லிய இசைத்தட்டில் பதிவு செய்து, ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு இலவசமாக அனுப்பினார்கள். 1969 வரை ஆண்டுதோறும் இது தொடர்ந்தது. கடையில் கிடைக்காத அந்தத் தட்டு, 'இது நமக்காகவே வந்தது' என்ற மகிழ்ச்சியைத் தந்தது.

இன்றைய தலைமுறையில் இந்த வித்தையை நன்கு அறிந்தவர் டெய்லர் ஸ்விஃப்ட். 2014-ல் '1989' ஆல்பம் வெளியாகும் முன்பே, சில ரசிகர்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, சமூக வலைதளங்களில் அவர்களின் ரசனையைப் படித்தறிந்து, அதற்கேற்ற பரிசுகளைக் கையெழுத்துக் குறிப்போடு அனுப்பினார். 2020-ல் கொரோனாவால் வருமானம் இழந்து தவித்த சில ரசிகர்களுக்குத் தலா 3,000 டாலர் அனுப்பினார்.

'இதெல்லாம் விளம்பரம்தானே?' என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். பரிசைப் பிரிக்கும் ரசிகர்களின் வீடியோவை ஸ்விஃப்ட்டே வெளியிட்டார். அது அவருக்குப் பெரும் பேரையும் தந்தது. ஆனாலும், முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று நேரம் ஒதுக்கிப் படித்தது பொய்யில்லை. பரிசு கிடைத்தவர்கள் சிலர்தான். பார்த்த லட்சம் பேருக்கோ 'நம்மையும் இவர் கவனிப்பார்' என்ற நம்பிக்கை வந்தது.

அந்த நம்பிக்கையில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அன்பு காட்டினால்தான் கவனிப்பார் என்று எண்ணி, கைக்காசையெல்லாம் டிக்கெட்டிலும் டி-ஷர்ட்டிலும் கொட்டும் பிள்ளைகள் உண்டு. தனக்கு மட்டும் பதில் வரவில்லையே என்று மனம் உடைபவர்களும் உண்டு. ரசிகரின் பாசத்தை விற்பனைக் கணக்காக மட்டும் பார்க்கும் கலைஞருக்கு, அந்தப் பாசம் ஒருநாள் கசப்பாகத் திரும்பும்.

இப்போதுதான் பாடத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கச்சேரிக்கு இருபது பேர்தான் வந்தார்களா? முடிந்ததும் கீழே இறங்கி அவர்களோடு பத்து நிமிடம் பேசுங்கள். போன முறை வந்தவரின் பெயரை நினைவில் வைத்துக் கூப்பிடுங்கள். ஒருவர் கேட்ட பாட்டை அடுத்த முறை மறக்காமல் பாடுங்கள். காசு செலவில்லாத விஷயங்கள்தான். ஆனால், கூட்டம் இருபதாயிரமான பிறகும் அந்த முதல் இருபது பேர் உங்களை விட்டுப் போக மாட்டார்கள்!