பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் நவூரு

நவூரு பசிபிக் பெருங்கடலில் நிலநடுக்கோட்டிற்குச் சற்றுத் தெற்கே அமைந்துள்ள ஒரு தீவு நாடு ஆகும். இது 1990 ஆம் ஆண்டு முதல் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளில் பங்குபற்றி வருகின்றது. 2022 வரை நடைபெற்ற ஒன்பது போட்டிகளில் இந்நாடு 10 தங்கப் பதக்கங்களை வென்றுள்ளது. இவை பத்தும் பளு தூக்குதலில் பெறப்பட்டவை. இவற்றுள் ஏழு தங்கங்களை மார்க்கஸ் ஸ்டீபன் என்ற ஒரே வீரர் வென்றார். இவரே பின்னர் நவூருவின் குடியரசுத் தலைவரானார். 2010 ஆம் ஆண்டில் இந்தியத் தலைநகர் தில்லியில் நடைபெற்ற போட்டியில் யூக்கியோ பீட்டர் வென்ற தங்கம் இவ்வரிசையில் பத்தாவது ஆகும்.

பின்புலம்

நவூருவின் பரப்பளவு 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பரப்பளவில் உலகின் மிகச் சிறிய குடியரசு இதுவாகும். 2011 ஆம் ஆண்டில் இங்கு ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்தனர். தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள சின்னசேலத்தைப் போன்ற ஒரு சிற்றூரின் மக்கள்தொகை கூட இதனை விட அதிகம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐக்கிய இராச்சியம் ஆகியவற்றின் பொறுப்பாட்சியில் இருந்த இத்தீவு 1968 சனவரி 31 அன்று விடுதலை பெற்றது.

இத்தீவின் செல்வம் பாஸ்பேட்டுப் படிவுகளாகும். உர உற்பத்திக்குப் பயன்படும் இக்கனிமத்தின் ஏற்றுமதியால் 1970களில் நவூருவின் தனிநபர் வருமானம் உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. படிவுகள் குறைந்தபின் நாடு கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளானது. தீவின் நடுப்பகுதி பெரும்பாலும் தோண்டப்பட்டு, கூரிய சுண்ணாம்புப் பாறைகள் மட்டுமே எஞ்சிய பாழ்நிலமாயிற்று. மக்கள் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய நிலப்பகுதியிலேயே வாழ்கின்றனர்.

தமிழர் பலருக்கு இத்தீவின் பெயர் வேறு வகையில் அறிமுகமானது. ஆஸ்திரேலியாவுக்குப் படகில் சென்று புகலிடம் கோரியோரை அந்நாடு 2001 முதல் நவூருவில் அமைத்த முகாமில் தங்க வைத்தது. 2007 ஆம் ஆண்டில் அங்கு அனுப்பப்பட்ட இலங்கையரில் பெரும்பாலானோர் தமிழர் ஆவர். முகாமும் பாஸ்பேட்டும் தவிர்த்து இத்தீவு உலக அரங்கில் அறியப்பட்டது பளு தூக்குதலினாலேயே ஆகும்.

பொதுநலவாய உறுப்புரிமை

நவூரு 1968 ஆம் ஆண்டில் பொதுநலவாய நாடுகள் அமைப்பின் சிறப்பு உறுப்பினராகச் சேர்ந்தது. சிறப்பு உறுப்பு நாடுகள் அரசுத் தலைவர்களின் மாநாட்டில் கலந்துகொள்வதில்லை. ஆயினும் விளையாட்டு உள்ளிட்ட பிற செயற்பாடுகளில் பங்கேற்கலாம். 1999 ஆம் ஆண்டில் நவூரு முழு உறுப்பினராயிற்று. நிதி நெருக்கடியின்போது சந்தா நிலுவை காரணமாக மீண்டும் சிறப்பு உறுப்பினர் நிலைக்குச் சென்றது. 2011 ஆம் ஆண்டில் மறுபடியும் முழு உறுப்புரிமை பெற்றது. எனவே 2010 தில்லிப் போட்டியில் தங்கம் வென்றபோது நவூரு அவ்வமைப்பின் முழு உறுப்பினராக இருக்கவில்லை.

பளு தூக்குதலும் பதக்கக் கணக்கும்

பளு தூக்குதல் போட்டியில் இரண்டு பகுதிகள் உள்ளன. தரையில் இருக்கும் பளுவை ஒரே வீச்சில் தலைக்கு மேல் உயர்த்துவது ஸ்னாட்ச் எனப்படும். பளுவை முதலில் தோள் வரை கொண்டு வந்து, பின்னர் தலைக்கு மேல் உயர்த்துவது கிளீன் அண்ட் ஜெர்க் எனப்படும். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று வாய்ப்புகள் வழங்கப்படுகின்றன. இரண்டிலும் தூக்கிய மிகக் கூடிய எடைகளைக் கூட்டி மொத்தம் கணக்கிடப்படும்.

1990 முதல் 2002 வரை நடைபெற்ற பொதுநலவாயப் போட்டிகளில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், மொத்தம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஆகவே ஒரு வீரர் ஒரே நாளில் மூன்று தங்கம் பெற முடிந்தது. 2006 முதல் மொத்தத்திற்கு மட்டுமே பதக்கம் வழங்கப்படுகின்றது. நவூருவின் பதக்க எண்ணிக்கை 2002க்குப் பின் குறைந்ததற்கு இம்மாற்றமும் ஒரு காரணமாகும். 2010இல் பெற்ற ஒரு தங்கத்தை 1994இல் பெற்ற மூன்று தங்கங்களுடன் ஒப்பிடும்போது இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்: இரண்டுமே ஒரு பிரிவில் ஒரு வீரர் பெற்ற வெற்றிகள்தாம்.

வரலாறு

1990 ஆக்லாந்து

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1990 ஆம் ஆண்டில் நடைபெற்ற போட்டியே நவூரு பங்குபற்றிய முதலாவது பொதுநலவாயப் போட்டியாகும். அப்போது 20 வயதான மார்க்கஸ் ஸ்டீபன் 60 கிலோகிராம் பிரிவில் ஸ்னாட்சில் தங்கமும், மற்ற இரண்டிலும் வெள்ளியும் வென்றார். அவ்விரண்டிலும் தங்கம் வென்றவர் இந்தியாவின் பர்வேஷ் சந்தர் சர்மா ஆவார். பல கோடி மக்களைக் கொண்ட இந்தியாவும் சில ஆயிரம் மக்களைக் கொண்ட நவூருவும் ஒரு பிரிவின் மூன்று தங்கங்களை இவ்வாறு பகிர்ந்துகொண்டன.

ஸ்டீபன் பள்ளிக் கல்வியை ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் கற்றவர். ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டமே நவூருவில் மிகவும் விரும்பப்படும் விளையாட்டாகும்; ஸ்டீபனும் அதனை ஆடி வந்தவரே. மெல்பேர்னில் இருந்த காலத்தில் பளு தூக்குதலுக்கு மாறினார்.

1992 ஒலிம்பிக்: பிற நாட்டுக் கொடியின் கீழ்

ஆக்லாந்தில் தங்கம் வென்றபோதிலும் 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டியில் ஸ்டீபனால் தன் நாட்டின் சார்பில் பங்கேற்க இயலவில்லை. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவினால் ஏற்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் குழு அக்காலத்தில் நவூருவில் இல்லாமையே இதற்குக் காரணம். அவர் சமோவா நாட்டின் குடியுரிமை பெற்று, அந்நாட்டு வீரராகவே போட்டியிட்டார். நவூருவின் ஒலிம்பிக் குழு 1994 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நவூரு முதன்முறையாகத் தன் கொடியின் கீழ் பங்குபற்றியது. அவ்வணியின் மூவரும் பளு தூக்கும் வீரர்களே ஆவர்.

1994 முதல் 2002 வரை

1994 இல் கனடாவின் விக்டோரியா நகரிலும், 1998 இல் மலேசியாவின் கோலாலம்பூரிலும் ஸ்டீபன் மும்மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். 1999 ஆம் ஆண்டு ஏதென்சில் நடைபெற்ற உலகப் பளு தூக்குதல் போட்டியில் 62 கிலோகிராம் பிரிவின் கிளீன் அண்ட் ஜெர்க்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1990 முதல் 2002 வரை பொதுநலவாயப் போட்டிகளில் இவர் பெற்றவை 7 தங்கமும் 5 வெள்ளியுமாக 12 பதக்கங்கள் ஆகும்.

பதக்க எண்ணிக்கையில் நவூருவின் மிகச் சிறந்த போட்டி 2002 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடைபெற்றதாகும். 2 தங்கம் உட்பட 15 பதக்கங்களை நவூரு அங்கு பெற்றது. ரியன்னா சாலமன் இப்போட்டியில் தங்கம் வென்று, பொதுநலவாயப் போட்டிகளில் தங்கம் பெற்ற முதல் நவூருப் பெண் என்ற சிறப்பைப் பெற்றார். ஒருவரின் வெற்றியாகத் தொடங்கிய இவ்விளையாட்டு பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு அணியின் வெற்றியாக வளர்ந்திருந்ததை இது காட்டியது.

2010 தில்லி

பத்தொன்பதாவது பொதுநலவாய விளையாட்டுப் போட்டி 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை தில்லியில் நடைபெற்றது. 71 அணிகள் கலந்துகொண்டன. பளு தூக்குதல் போட்டிகள் ஜவகர்லால் நேரு விளையாட்டு வளாகத்தில் அமைந்த அரங்கில் நடத்தப்பட்டன. போட்டியை நடத்திய நகரத்தின் மக்கள்தொகை ஒரு கோடியே அறுபது இலட்சத்திற்கும் மேல். நவூருவின் முழு மக்கள்தொகையும் அந்நகரின் ஒரு சிறு குடியிருப்பில் அடங்கிவிடும்.

ஆண்களுக்கான 77 கிலோகிராம் பிரிவில் நவூருவின் யூக்கியோ பீட்டர் தங்கம் வென்றார். ஆஸ்திரேலியாவின் பென் டர்னர் வெள்ளியும், இந்தியாவின் சுதிர் குமார் வெண்கலமும் பெற்றனர். பரிசளிப்பின்போது மூன்று கொடிகளுள் நடுவில் நவூருவின் கொடி உயர்ந்தது. 105 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் பிரிவில் இட்டே டெட்டெனாமோ வெள்ளி வென்றார். இவரே 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் நவூருவின் ஒரே போட்டியாளராகப் பங்கேற்றவர். தில்லிப் போட்டி நடைபெற்ற காலத்தில் நவூருவின் குடியரசுத் தலைவராக இருந்தவர் மார்க்கஸ் ஸ்டீபன். 2003 இல் நாடாளுமன்றத்திற்குத் தெரிவான இவர், 2007 டிசம்பர் முதல் 2011 நவம்பர் வரை அப்பதவியை வகித்தார். 2019 ஆம் ஆண்டில் நாடாளுமன்ற அவைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

யூக்கியோ பீட்டர் தில்லியில் வென்ற அதே 77 கிலோகிராம் பிரிவில் அடுத்த இரு போட்டிகளிலும் தங்கம் வென்றவர் தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ் குமார் சிவலிங்கம் ஆவார். இவர் 2014 கிளாஸ்கோவில் ஸ்னாட்சில் 149 கிலோகிராமும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோகிராமுமாக மொத்தம் 328 கிலோகிராம் தூக்கினார். 2018 கோல்ட் கோஸ்ட் போட்டியில் 317 கிலோகிராம் தூக்கி இரண்டாவது தங்கத்தைப் பெற்றார்.

2014 முதல் 2022 வரை

2010க்குப் பின்னர் 2022 வரை நவூரு தங்கம் வெல்லவில்லை. ஆயினும் மூன்று போட்டிகளிலும் பளு தூக்குதலில் பதக்கம் பெற்றது. 2014 கிளாஸ்கோவில் இட்டே டெட்டெனாமோ மீண்டும் வெள்ளி வென்றார். 2018 கோல்ட் கோஸ்டில் பெண்களுக்கான 90 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் பிரிவில் கரிஸ்மா அமோ-டாரன்ட் வெள்ளி வென்றார். 2022 பர்மிங்காமில் 76 கிலோகிராம் பிரிவில் மாக்ஸிமினா உவேபா வெண்கலம் வென்றார்.

வெற்றிக்கான காரணங்கள்

பல நூறு விளையாட்டு வீரர்களை அனுப்பும் நாடுகளுக்கிடையே நவூரு பதக்கம் வெல்வதற்குப் பளு தூக்குதலின் தன்மையே முதற் காரணமாகும்.

முதலாவதாக, இது தனிநபர் விளையாட்டு. குழு விளையாட்டுகளுக்குத் திறன் மிக்க பலர் ஒரே காலத்தில் தேவை. 10,000 பேரில் அத்தனை பேரைக் கண்டறிதல் கடினம். பளு தூக்குதலுக்கு ஒருவர் போதும்.

இரண்டாவதாக, போட்டியாளர்கள் உடல் எடையின்படி பிரிக்கப்படுவதால் உயரம் குறைந்தவரும் எடை குறைந்தவரும் தமக்கு நிகரானவருடனேயே போட்டியிடுகின்றனர். மார்க்கஸ் ஸ்டீபன் 62 கிலோகிராம் வரையான பிரிவுகளிலும், டெட்டெனாமோ மிகக் கூடிய எடைப் பிரிவிலும் பதக்கம் வென்றது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

மூன்றாவதாக, இதற்குப் பரந்த திடலோ நீச்சற் குளமோ தேவையில்லை. ஒரு கூடம், ஒரு மேடை, இரும்புத் தண்டு, எடைத் தட்டுகள் ஆகியவை இருந்தால் பயிற்சி பெறலாம். நிலத்தின் பெரும்பகுதியைச் சுரங்கத்திற்குப் பறிகொடுத்த ஒரு தீவுக்கு இது முக்கியமானது.

நான்காவதாக, தொடர்ச்சியான பயிற்சி கிடைத்தது. ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் பால் காஃபா மார்க்கஸ் ஸ்டீபனுக்குப் பயிற்சி அளித்தவர். இவர் பின்னர் ஓசியானியாப் பளு தூக்குதல் பயிற்சி நிலையத்தை நடத்தினார். பசிபிக் தீவுகள் பலவற்றின் வீரர்கள் அங்கு ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். தனித்தனியே ஒரு நாட்டினால் இயலாததைப் பல நாடுகள் கூடிச் செய்ய இது வழிவகுத்தது.

எல்லைகள்

சிறிய நாடு ஒரே விளையாட்டை நம்பியிருப்பதில் இடர்களும் உள்ளன. பொதுநலவாயப் போட்டிகளில் தங்கம் வென்ற நவூரு, ஒலிம்பிக் போட்டிகளில் 1996 முதல் 2024 வரை ஒரு பதக்கமும் வெல்லவில்லை. சீனா போன்ற பளு தூக்குதலில் வலிமை மிக்க நாடுகள் பொதுநலவாய அமைப்பில் இல்லை. ஒலிம்பிக்கில் அவற்றையும் எதிர்கொள்ள வேண்டும்.

வீரர்களை இழப்பதும் மற்றொரு இடராகும். 2018 இல் நவூருவுக்காக வெள்ளி வென்ற கரிஸ்மா அமோ-டாரன்ட், 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவின் சார்பில் போட்டியிட்டார். 2022 பர்மிங்காமில் அவர் பெற்ற வெண்கலம் ஆஸ்திரேலியாவின் கணக்கில் சேர்ந்தது. பெரிய நாடொன்றின் அணியில் ஒருவர் விலகினால் மற்றொருவர் வருவார். நவூருவில் ஒருவர் விலகினால் அப்பிரிவே வெறுமையாகிவிடுகின்றது.

1992 இல் மார்க்கஸ் ஸ்டீபன் வேறொரு நாட்டின் கொடியின் கீழ் போட்டியிட்டது தன் நாட்டிற்கு இடமில்லாமையினால் ஆகும். அமோ-டாரன்ட் காலத்தில் நவூருவுக்கு இடம் இருந்தது. அந்த இடத்தை நிரப்பும் வீரர்களைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அந்நாட்டின் புதிய சிக்கலாயிற்று. அதன் பின்னரும் 2022 இல் மாக்ஸிமினா உவேபா பெற்ற வெண்கலம், 1990 இல் ஆக்லாந்தில் ஒருவர் தொடங்கிவைத்த மரபு நவூருவில் தொடர்ந்ததைக் காட்டுகின்றது.