“இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்!”

எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் ஒரு பெண்மணி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். கணக்கில் புலி! யார் வீட்டுத் துணி எத்தனை, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனசிலேயே இருக்கும். கையெழுத்தும் போடுவாள். ஆனால் படிக்கத் தெரியாது. தன் பெயரைக் கோலம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு நாள் காலை, துணி வாங்க வந்தவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். “அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். பட்டா மாத்தறதுக்குன்னு எங்க அண்ணன் குடுத்தாரு. நாளைக்கு ஊருக்குப் போய்க் கையெழுத்துப் போடணும்” என்றாள்.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. “சாயந்தரம் வாம்மா, நிதானமாப் படிச்சுச் சொல்றேன்” என்றேன். சாயந்தரம் அவளுக்கு வண்டியில் வேலை ஒழியவில்லை. விடியற்காலை பஸ் ஏறிப் போய்விட்டாள்.

அது பட்டா மாற்றும் காகிதமே இல்லை. அப்பா வீட்டில் தனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்!

அடுப்பைத் தணித்துவிட்டுப் பத்து நிமிஷம் படித்திருந்தால்...? இந்த உறுத்தல் எனக்கு இன்றுவரை தீரவில்லை. நான் புலம்பிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, கல்லூரியில் வீதி நாடகம் போடும் என் பெண் ஒரு நாள், “அம்மா, இதே மாதிரி ஒரு கதை பெரு நாட்டில் நடந்திருக்கு, கேக்கறியா?” என்று ஆரம்பித்தாள். கேட்டேன். வாசகிகளுக்கும் சொல்லத் தோன்றியது.

சுவரில் ஓர் ஆணி

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் 1973-ல் அரசாங்கம் ஒரு பெரிய முதியோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது அங்கே ஜனத்தொகை சுமார் 1 கோடியே 40 லட்சம். அதில் 30, 40 லட்சம் பேருக்கு எழுத்து வாசனை இல்லை, அல்லது அரைகுறை. நாலு வருஷத்தில் எல்லோருக்கும் எழுத்தறிவு தருவது என்று திட்டம். பலருக்கு ஸ்பானிஷ் மொழியே தாய்மொழி இல்லை. கெச்சுவா, அய்மாரா என்று வேறு மொழிகள் பேசுகிறவர்கள்.

எழுதத் தெரியாதவர்கள் என்றால் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் என்றா அர்த்தம்? எழுத்து வரும்வரை காத்திருக்காமல் போட்டோ, நாடகம் என்று எதன் மூலமாவது அவர்களைப் பேச வைப்போம் என்று அந்தத் திட்டக்காரர்கள் நினைத்தார்கள்.

தலைநகர் லிமாவில் சிலர் கையில் காமிராவைக் கொடுத்து, “சுரண்டல் என்றால் என்ன? படம் எடுத்து வாருங்கள்” என்றார்கள். ஷூ பாலிஷ் போடும் ஒரு சிறுவன் சுவரில் அடித்த ஓர் ஆணியைப் படம் எடுத்து வந்தான். பெரியவர்களுக்குப் புரியவில்லை. மற்ற சிறுவர்களுக்கு உடனே புரிந்தது! அவர்கள் வீடு வெகு தூரம். பாலிஷ் பெட்டியைத் தினமும் சுமக்க முடியாமல், ராத்திரி கடைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஆணிக்கு வாடகை! இதைவிடச் சுருக்கமாக யார் கட்டுரை எழுத முடியும், சொல்லுங்கள்?

இந்தத் திட்டத்தின் நாடகப் பகுதியில் வேலை செய்தவர் அகஸ்தோ போவால். பிரேசில் நாட்டு நாடக இயக்குநர். 1971-ல் அங்கிருந்த ராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. அதற்குப் பிறகு அர்ஜென்டினாவில் தஞ்சம் புகுந்திருந்தார். பெருவில் அவர் கையாண்ட முறை எளிமையானது. ஜனங்கள் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். நடிகர்கள் அதை அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்தி, “இப்போ இவ என்ன பண்ணணும்?” என்று கேட்பார்கள். கூட்டம் சொல்லச் சொல்ல நடித்துக் காட்டுவார்கள்.

மெத்தைக்கு அடியில் ரசீது

ஒரு நாள் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். “என் பிரச்னை அரசியல் இல்லை, வீட்டு விஷயம். இதையும் நடிப்பீர்களா?” என்று கேட்டாள்.

அவள் புருஷன், “நமக்காக ஒரு வீடு கட்டுகிறேன்” என்று சொல்லி மாசா மாசம் அவளிடம் பணம் வாங்கிப் போவானாம். அவளும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்துக் கொடுப்பாள். பதிலுக்கு அவ்வப்போது சில காகிதங்களைக் கொடுத்து, “வீட்டு ரசீது, பத்திரமாக வை” என்பான். காகிதம் கமகமவென்று மணக்குமாம்! இவளும் மெத்தைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒரு நாள் இருவருக்கும் சண்டை. சந்தேகம் வந்து, படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள். அத்தனையும் வேறொருத்தி அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள்! தன் குடியைக் கெடுத்தவள் கடிதத்தைத் தானே பாதுகாத்து வைத்திருக்கிறாள் அந்தப் பேதை.

வெளியூரில் கொத்து வேலை என்று போன புருஷன் மறுநாள் திரும்பி வரப்போகிறான். “நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள்.

என் பெண் இதைச் சொல்லும்போது எனக்கு இஸ்திரிக்காரம்மாவின் முகம்தான் கண்முன் வந்தது. ஏழு கடல் தாண்டியும் பெண்களின் கதை ஒன்றாகத்தான் இருக்கிறது!

“தெளிவாப் பேசணும்”

நடிகர்கள் அவள் கதையை நடித்தார்கள். புருஷன் கதவைத் தட்டும் இடத்தில் நிறுத்தி, கூட்டத்தில் இருந்த பெண்களிடம் யோசனை கேட்டார்கள்.

“நன்றாக அழட்டும், அவனுக்கே உறைக்கும்” என்றாள் ஒருத்தி. நடிகை அழுதாள். புருஷன் சமாதானம் சொல்லிவிட்டுச் சாப்பாடு கேட்டான். கூட்டம் ஏற்கவில்லை. “வீட்டை விட்டுப் போகட்டும்” என்றாள் இன்னொருத்தி. எங்கே போவாள்? தண்டனை யாருக்கு? அதுவும் சரிப்படவில்லை. “கதவைத் திறக்காமல் வெளியே தள்ளட்டும்” என்றார்கள். அவன் நேரே அந்த இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விட்டால்?

அப்போது வாட்டசாட்டமான ஒரு பெண்மணி, “உள்ளே விடட்டும். அவனிடம் தெளிவாகப் பேசட்டும். அப்புறம் மன்னிக்கட்டும்” என்றாளாம். நடிகை அப்படியே நடித்தாள். அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை. இன்னும் அழுத்தமாக நடித்தாள். அப்போதும் இல்லை! “நான் சொன்னது இது இல்லவே இல்லை” என்று கோபித்துக்கொண்டாள். அலுத்துப்போன போவால், “நீங்களே மேடைக்கு வந்து காட்டுங்களேன்” என்றார்.

விடுவிடுவென்று மேடை ஏறினாள் அந்த அம்மாள். துடைப்பத்தை எடுத்தாள். புருஷனாக நடித்தவனைச் சக்கைப்போடு போட்டாள்! பிறகு, “பேச்சு முடிந்தது, மன்னித்துவிட்டேன். போய் எனக்குச் சாப்பாடு எடுத்து வா” என்று உட்கார்ந்துகொண்டாள். ‘தெளிவாகப் பேசுவது’ என்று அவள் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்!

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? துடைப்பத்தை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே! இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. நடிகை கெட்டிக்காரிதான், நல்ல மனசோடுதான் நடித்தாள். ஆனாலும் அந்த அம்மாளின் வார்த்தைக்குள் இருந்தது அவளுக்குப் பிடிபடவில்லை. சொன்னவளே எழுந்து காட்ட வேண்டியிருந்தது. போவால் இந்தச் சம்பவத்தைத் தன் புத்தகங்களில் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாகச் சொல்லியிருக்கிறார். பார்க்க வந்தவர்களே மேடை ஏறிக் கதையை மாற்றும் நாடகமுறை இதிலிருந்துதான் பிறந்தது என்கிறார்.

பிற்பாடு அவர் தன் சொந்த நாட்டில் ரியோ நகரசபை உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது, ஜனங்கள் இப்படி நடித்துச் சொன்ன குறைகளிலிருந்து 13 சட்டங்கள் வந்தன. 2009-ல் காலமானார். நம் நாட்டிலும் மேற்கு வங்காளத்தில் 1985-ல் தொடங்கிய ‘ஜன சம்ஸ்கிருதி’ என்ற குழு கிராமங்களில் இந்த முறையில் நாடகம் போடுகிறது. வரதட்சிணை, குடி, வீட்டில் அடி உதை எல்லாம் அவர்கள் நாடகத்துக்கு விஷயம்.

பக்கத்து நெல்லூரில்

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வடக்கு எல்லைக்கு அப்பால் கொஞ்ச தூரத்தில் நெல்லூர் மாவட்டம். 1991-ல் அங்கே ‘அக்ஷர தீபம்’ என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ‘கலாஜாதா’ என்ற பெயரில் கலைக்குழுக்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டும் நாடகமும் நடத்தின. ராத்திரி வகுப்பில் படிக்கக் கொடுத்த பாடப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை இருந்தது. ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாராயக் கடையை மூட வைத்தவளின் கதை.

தூபகுண்டா என்ற ஊரில் கூலி வேலை செய்யும் பெண்கள் இதைப் படித்தார்கள். புருஷன் கூலி முழுக்கச் சாராயத்துக்குப் போகிற வீடுதான் அவர்களுக்கும். சீதம்மா செய்ததை நாம் செய்தால் என்ன என்று கிளம்பிவிட்டார்கள்! முதலில் ஊருக்குள் வந்த கள்ளு வண்டியை மறித்தார்கள். “கள்ளைக் கொட்டிவிடு, உன் நஷ்டத்துக்கு ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டுத் தருகிறோம்” என்றார்களாம். எவ்வளவு நியாயம் பாருங்கள்! அடுத்து, சாராய பாக்கெட்டுகளோடு வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தப் போராட்டத்தில் ரோசம்மா என்ற பெண்மணியின் பெயர் ஆந்திரா முழுக்கத் தெரிந்ததாயிற்று.

அடுத்து நடந்ததுதான் அதிசயம். தூபகுண்டா பெண்களின் அனுபவமே, ‘பெண்கள் ஒன்று சேர்ந்தால்’ என்ற தலைப்பில் அடுத்த பாடப் புத்தகத்தில் பாடமாக வந்தது! கற்பனைக் கதையைப் படித்தவர்கள் நிஜக் கதை ஆனார்கள். அதை மற்ற ஊர்ப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்துத் தங்கள் ஊர்ச் சாராயக் கடை முன்னால் போய் நின்றார்கள். தீ மாதிரிப் பரவி, 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் பூரண மதுவிலக்கே வந்தது. 1997-ல் அதைத் தளர்த்திவிட்டார்கள் என்பது வேறு கதை. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்த கூலிப் பெண்கள் ஓர் அரசாங்கத்தை அசைத்தார்கள் என்பதை யாரும் அழிக்க முடியாது.

எங்கள் வீட்டுக் கூடத்தில்

இதையெல்லாம் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வெள்ளிக்கிழமை சாயந்தரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடுவது வழக்கம். இஸ்திரிக்காரம்மாவிடம், “உன் கதையை நடிக்கலாமா? உனக்குச் சம்மதம்னா மட்டும்தான்” என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “நடிங்கக்கா. நாலு பேருக்குப் புத்தி வரட்டும்” என்றாள்.

நான்தான் அண்ணன். என் வீட்டுக்காரரின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “போடுடி கையெழுத்தை!” என்று ஒரு அதட்டல் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். இஸ்திரிக்காரம்மா மட்டும் தலையை ஆட்டினாள்.

“இல்லக்கா, எங்க அண்ணன் அதட்டவே இல்லை. அதட்டியிருந்தா நான் போட்டிருக்கவே மாட்டேன். வாழை இலை போட்டு, மீன் குழம்பு ஊத்தி, பக்கத்துல உக்காந்து, ‘ரொம்ப இளைச்சுட்டியே தங்கச்சி’ன்னு தலையைத் தடவினாரு. அப்பா செத்த பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கையால நீட்டினதை எப்படிக்கா படிக்கணும்னு கேப்பேன்?”

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்றுதானே இத்தனை மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

திரும்பவும் நடித்தோம், அவள் சொன்னபடி. நிறுத்தி, “இப்போ இவ என்ன பண்ணணும்?” என்று கேட்டோம். மாடி வீட்டு மருமகள், “சாப்பிட்டு முடிச்சு, ‘அண்ணா, இதை நீயே சத்தமாப் படிச்சுக் காட்டேன், கேக்கறேன்’னு சொல்லலாமே” என்றாள். உறவும் முறியாது, விஷயமும் வெளியே வந்துவிடும்! “படிக்க மாட்டேன்னா?” என்று கேட்டாள் இஸ்திரிக்காரம்மா. அவளே பதிலும் சொன்னாள்: “அப்போ அதுலயே தெரிஞ்சிடுமே!”

நீங்களும் உங்கள் மகளிர் குழுவிலோ, தெருவிலோ இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. நாலு விஷயம் மட்டும் மனசில் வையுங்கள். கதைக்கு உரியவளின் சம்மதம் வேண்டும். நிஜப் பெயர் வேண்டாம். முடிவை நாம் சொல்லக் கூடாது, கேட்கத்தான் வேண்டும். “தப்பா நடிக்கறீங்க” என்று அவள் சொன்னால் அதுதான் கடைசி வார்த்தை. இப்போதெல்லாம் கடன் பாரம், போனில் வரும் நம்பரை வாங்கிக்கொண்டு ஏமாற்றுவது என்று புதுப் புது வலைகள். எழுதப் படிக்கத் தெரிந்த நமக்கும் இந்தப் பயிற்சி வேண்டியிருக்கிறது!

போன பாகம் இன்னும் திரும்பவில்லை. வக்கீலைப் பார்த்திருக்கிறாள், பார்க்கலாம். ஆனால் இப்போது மத்தியானம் வண்டியில் வேலை குறைந்ததும் என் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறாள். முதல் பாடமாக எதை வைக்கலாம் என்று கேட்டதற்கு, மடியிலிருந்து ஒரு நகலை எடுத்து வைத்தாள். அந்த விடுதலைப் பத்திரம்தான்!

தினமும் இரண்டு வரி. அந்த நேரத்தில் அடுப்பில் எது கொதித்தாலும் சரி, முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.