நூற்றுக்கு எத்தனை பேர்?

இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளாகும் பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதற்குக் கிடைக்கும் விடை, அவர்கள் பட்ட துன்பத்தை மட்டுமன்றி, அவர்களிடம் தரப்பட்ட வினாத்தாளையும் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இல் 25 நாடுகளில் 8 முதல் 17 வயது வரையுள்ளோரிடம் நடத்திய ஆய்வில், இந்தியச் சிறாரில் 53 விழுக்காட்டினர் பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தது; ஆனால், கேலியும் முகங்கொடுக்காமல் நடத்துவதும்கூட அக்கணக்கில் அடங்கின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமோ காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுவதால், அதன் எண் மிகச் சிறியதாகவே நிற்கிறது.

துன்புறுத்தலுக்கு எதிரான நார்வேயின் 1983 பள்ளி இயக்கத்துக்கு அடித்தளமிட்ட டான் ஓல்வியஸ், வேண்டுமென்றே செய்தல், திரும்பத் திரும்பச் செய்தல், வலிமையில் ஏற்றத்தாழ்வு இருத்தல் ஆகிய மூன்றையும் துன்புறுத்தலின் அடையாளங்களாக வகுத்தார். இணையத்தில் இரண்டாவது அடையாளம் தடுமாறுகிறது. ஒருமுறை வெட்டி ஒட்டிய படத்தை நூறு பேர் பகிர்ந்தால், அதை ஒரு செயலென்று கொள்வதா, நூறென்று கொள்வதா? ஆகவேதான், 'நீ துன்புறுத்தப்பட்டாயா?' என்ற ஒற்றைக் கேள்வியைத் தவிர்த்து, கடந்த இரண்டு மாதங்களில் இன்னின்ன நடந்தனவா என்று தனித்தனியே கேட்கும் ஐரோப்பிய வினாத்தாள், பாதிக்கப்பட்டோர்க்கு 11, பாதிப்பை ஏற்படுத்தியோர்க்கு 11 என 22 கூற்றுகளைக் கொண்டுள்ளது. பாரசீகம் பேசும் பதின்வயதினரை அளக்க முனைந்தோரும் இத்தகைய வினாத்தாள்களைத் தம் மொழியில் பெயர்த்து, அவை அங்கும் அதே பொருளை அளக்கின்றனவா என்று சோதிக்க வேண்டியிருந்தது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு போன்ற ஊராட்சிகளில் இத்தகைய அளவீட்டைத் தொடங்குவோர், சென்னைப் பள்ளிக்கு எழுதிய தமிழ் வினாத்தாளை அப்படியே மலையேற்றிவிட முடியாது. அண்ணனும் தங்கையும் ஒரே கைப்பேசியைப் பயன்படுத்தும் வீட்டில், 'என் கணக்கில் வேறொருவர் நுழைந்தார்' என்ற கூற்றுக்கு 'ஆம்' என விடை வந்தால், அது துன்புறுத்தலையே குறிக்கும் என்று கொள்ள இயலாது. மறுபுறம், மலைவாழ் மக்கள் என்பதைச் சுட்டி இழிவுபடுத்தும் பதிவுகளைப் பற்றி ஐரோப்பியத் தாளில் கேள்வியே இராது. இவ்விரு குறைகளையும், குரோன்பாக் 1951-இல் முன்வைத்த ஆல்பா என்னும் எண், அதாவது கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து செல்கின்றன என்பதைக் காட்டும் அளவு, வெளிப்படுத்தாது. பிள்ளைகளோடு அமர்ந்து ஒவ்வொரு கூற்றையும் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்று கேட்பதுதான் வழி. உறைவிடப் பள்ளியில் காப்பாளர் அருகில் நிற்க நிரப்பப்படும் தாளில் உண்மை வராது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் செய்யாமல் வெளியிடப்படும் எந்த விழுக்காடும் கொல்லிமலைக்குரியதாகாது.

அளவீடு நிறைவுறும்வரை உதவி காத்திருக்க வேண்டியதில்லை: சிறார் உதவி எண் 1098 நாள் முழுவதும் இயங்குகிறது; சிறாரைப் பாலியல் நோக்கில் சித்திரிக்கும் படங்கள் பரவினால், தேசிய இணையக்குற்றப் புகார் தளத்தில் பெயரைத் தெரிவிக்காமலும் முறையிடலாம்.