டட்சனுக்கு எந்தக் கார்புரேட்டர்?

இன்றைய கார் ஒன்றின் முன்மூடியைத் திறந்து கார்புரேட்டரைத் தேடினால் கிடைக்காது. எரிபொருளைக் கணினி அளந்து பீச்சும் முறை வந்த பிறகு அது விடைபெற்றுக்கொண்டது. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் அது இருந்தது. நம் தலைமுறையினர் அதைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில்தான் பார்த்திருப்போம். தமிழில் இதைக் 'கலப்பி' என்று எழுதலாம். பொருத்தமான சொல்தான். ஆனால் என் பெரியப்பாவிடம் கலப்பி என்றால் சிமெண்டு கலக்கும் பொறியைக் காட்டுவார். ஆகவே இக்கட்டுரையில் கார்புரேட்டர் என்றே எழுதுகிறேன், வாசகர்கள் பொறுத்தருள்க.

பெரியப்பா பாகான் டத்தோவில் சிறு தோட்டக்காரர்களிடம் தேங்காய் வாங்கி, தெலுக் இந்தானுக்குக் கொண்டு சேர்ப்பவர். அவரிடம் இருப்பது டட்சன் 1200 பிக்கப். 1971-இல் ஜப்பானில் அறிமுகமான வகை. தென்னாப்பிரிக்காவில் 2008 வரைகூட இதைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் உள்ள ஏ12 இயந்திரத்தின் கொள்ளளவு 1171 கன சென்டிமீட்டர். சுமக்கக்கூடிய எடை 500 கிலோ. முந்நூறு தேங்காய் ஏற்றினால் ஏறக்குறைய 400 கிலோ வந்துவிடும்.

சென்ற ஆண்டு அந்த வண்டி, நின்ற இடத்தில் ஓடாமல் அணைந்துபோகத் தொடங்கியது. சமிக்ஞை விளக்கில் நிறுத்தினால் அணையும், மிதித்தால் இருமும். ஒரு வாரம் வண்டி வராவிட்டால் வியாபாரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். "வித்துடலாம், தவணையில வேற வண்டி எடுக்கலாம்" என்பது என் அப்பாவின் யோசனை. அறுபத்து மூன்று வயதில் எந்த வங்கி கடன் கொடுக்கும் என்று பெரியப்பா கேட்டார். அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை. போர்மென் கார்புரேட்டரை மாற்றச் சொன்னார். அதிலும் இத்தாலிய நிறுவனமான வெபருடையதைப் போடச் சொன்னார்.

"வெபர் போட்டா வண்டி பறக்கும்னு சொல்றாரு. நீ இயந்திரம் படிக்கிற பிள்ளை, நீ சொல்லு ஐயா" என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். அதற்காக நான் கணக்குப் போட்டதும் தேடியதும்தான் இக்கட்டுரை.

முதலில், கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது? நம்மில் பலர் ஐந்தாம் படிவத்தில் பெர்னௌலி கோட்பாட்டை மலாயில் மனனம் செய்து தேர்வில் எழுதியிருப்போம். காற்றின் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். பன்சன் அடுப்பை உதாரணம் காட்டுவோம். கார்புரேட்டரும் அதே கதைதான். இயந்திரம் மூச்சிழுக்கும்போது காற்று ஒரு குறுகிய தொண்டை வழியே பாய்கிறது. அங்கே அழுத்தம் குறைவதால், பக்கத்துத் தொட்டியிலிருந்து பெட்ரோல் மேலேறி வந்து தூவலாகக் கலக்கிறது. அத்தொட்டியில் மிதவை ஒன்று இருக்கும். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் போல் அது பெட்ரோல் மட்டத்தைக் காக்கும். பெட்ரோல் எவ்வளவு வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஜெட் எனப்படும் பித்தளைத் துளை. பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று புலப்படும். தொண்டை குறுகலாக இருந்தால், இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போதும் காற்று வேகமாகப் பாயும். பெட்ரோல் ஒழுங்காக வரும். தொண்டை அகலமானால் உச்ச வேகத்தில் இயந்திரத்துக்கு மூச்சு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மெதுவாகப் போகும்போது காற்று சோம்பிவிடும், கலவையும் தடுமாறும். எனவே 'பெரியது நல்லது' என்பது இங்கே செல்லாது. இரண்டு தொண்டை வைத்த கார்புரேட்டர்கள் இந்தச் சிக்கலுக்குத்தான் பிறந்தன. மெதுவான ஓட்டத்துக்குச் சின்னத் தொண்டை. நன்றாக மிதித்தால் இரண்டாவதும் திறக்கும்.

டட்சனில் அசலாக வந்த ஹிட்டாச்சி டிசிஜி 306-உம் அப்படிப்பட்டதே. அதன் அடிப்பகுதியில் முதல் தொண்டை 26 மில்லிமீட்டர், இரண்டாவது 30. போர்மென் சொன்ன வெபர் 32/36-இல் அவை, பெயரே சொல்வதுபோல், 32-உம் 36-உம்.

இயந்திரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும்? நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவையும் இழுக்கும். நிமிடத்திற்கு 6000 சுற்று என்றால் 3000 முறை. 1171-ஐ 3000-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3513 லிட்டர். உருளைகள் ஒருபோதும் முழுதாக நிரம்புவதில்லை. நூற்றுக்கு 80 என்று வைத்துக்கொண்டால் சுமார் 2810 லிட்டர். கடைக்காரர்கள் பேசும் கன அடிக் கணக்கில் இது நிமிடத்திற்கு 100-ஐ ஒட்டி வருகிறது. இதுவும் 6000 சுற்றில். தென்னந்தோப்பின் மண்பாதையில் சுமையோடு ஊரும் பெரியப்பாவின் வண்டி அதில் பாதியைத் தொட்டாலே அதிகம். விளம்பரங்களில் முந்நூறு, நானூறு கன அடி என்று போடுவதைக் கண்டு மயங்க வேண்டாம். அமெரிக்காவில் இரட்டைத் தொண்டைக்கு ஓர் அழுத்த வேறுபாட்டிலும் நான்கு தொண்டைக்கு அதில் பாதியிலும் அளப்பது வழக்கம். எனவே அவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிடவும் முடியாது.

கணக்கைக் காட்டியபோது பெரியப்பா எண்களைப் பார்க்கவில்லை. "பறந்தா தேங்காய் கொட்டிரும்ல?" என்றார். என் மூன்று பக்கக் கணக்கின் சாரம் அதுதான்.

வெபரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது மிக நல்ல கார்புரேட்டர்; பாகங்கள் உலகெங்கும் கிடைக்கின்றன; ஏ12-இல் அதைப் பொருத்தி நன்றாக ஓட்டுவோர் பலர். ஆனால் ஏ12-இன் மேனிஃபோல்டில் நேரடியாக உட்காராது. இடையில் ஓர் இணைப்புத் தகடு வேண்டும். அதனால் உயரம் கூடி, காற்று வடிகட்டி முன்மூடியில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய இயந்திரங்களுக்காக அமைத்த ஜெட்டுகளோடு வந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். வெபர் ஜெட்டில் 140 என்றால் துளை 1.40 மில்லிமீட்டர். 130-க்கு இறங்கினால் ஏதோ கொஞ்சம் என்று தோன்றும். பரப்பளவில் அது ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. பெட்ரோல் அழுத்தமும் மூன்று பி.எஸ்.ஐ. அளவில் இருக்க வேண்டும். மிகுந்தால் மிதவையின் ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். இவ்வளவும் செய்து முடிக்க, புதிய அசல் வெபரின் விலையே ஆயிரம் ரிங்கிட்டை எளிதில் தாண்டுகிறது. மலிவான நகல்களும் கிடைக்கின்றன. வாங்குவதானால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடிவால்வு முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையதையே சீர்செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கார்புரேட்டர்மேல் பழி போடும் முன் தீப்பொறியைப் பாருங்கள்: பாயிண்ட் இடைவெளி, டைமிங், பிளக். அடுத்து பெட்ரோல் வடிகட்டி, மேனிஃபோல்டு கேஸ்கெட். இவை சரியாக இருந்த பின்னரே நாங்கள் கார்புரேட்டரைக் கழற்றினோம். கேஸ்கெட், ஊசி, பம்ப் ரப்பர் அடங்கிய சீரமைப்புப் பொட்டலம் மலிவானது. பெரும்பாலான கோளாறுகள் அதிலேயே தீரும். தீராதது ஒன்று உண்டு. அடிவால்வைத் தாங்கும் தண்டு பல ஆண்டுகள் ஆடி ஆடி, அது அமர்ந்த துளை முட்டை வடிவமாகிவிடும். அந்த இடைவெளி வழியே கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். நின்ற இடத்தில் வண்டி அணைவதற்கு அதுவே காரணம். லேத் பட்டறையில் பித்தளை வளையம் போட்டு அதையும் சரிசெய்யலாம். ஆனால் எங்களுடையதில் அடித்தட்டின் ஒரு காதும் உடைந்திருந்தது. முன்பு எவரோ அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்.

ஆகவே எஞ்சியது, அதே வகையில் பழையது ஒன்று. இங்கேதான் நம் நாட்டு வரலாறு கைகொடுத்தது. நம் பெற்றோர் காலத்தில் சாலையெங்கும் ஓடிய டட்சன் 120ஒய் காரிலும் இதே ஏ12 இயந்திரம்தான். பொத்தோங் கடைகளில் இன்றும் தேடினால் அதன் உறுப்புகள் கிடைக்கின்றன. வேனெட் வேனின் ஏ15-இலிருந்து எடுத்ததையும் ஒருவர் காட்டினார், அது 1.5 லிட்டருக்கு அமைத்தது, ஜெட்டுகளை மாற்றாமல் போட்டால் பெட்ரோலைக் குடிக்கும்.

கடைக்குப் போகும்போது பழைய கேஸ்கெட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதை அடியில் வைத்தால் துளைகள் பொருந்துகின்றனவா என்று நொடியில் தெரியும். தண்டின் இரு முனையையும் விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசான கடகடப்பு இருந்தாலும் வைத்துவிடுங்கள். இயக்கும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். மூடியின் மேல் நேர்க்கோல் வைத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். சோக் வேலை செய்யவில்லையா? நம் வெப்பத்தில் அது பெரிய குறையன்று. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். மூன்றாவது கடையில் கிடைத்ததன் தண்டு ஆடவில்லை. அதை வாங்கினோம்.

பழையதன் ஜெட்டுகளைக் கழற்றி எண்களை ஒப்பிட்டோம். ஒன்று வேறுபட்டதால் எங்களுடையதையே போட்டோம். ஜெட்டைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெருத்துவிடும். சுத்திகரிப்புத் திரவமும் காற்றும் போதும். பிறகு மிதவை மட்டத்தைக் கண்ணாடி வழியே சரிபார்த்து, இயந்திரம் சூடான பின் கலவைத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, ஓட்டம் சீராகும் இடத்தில் நிறுத்தினோம். ஒரு வாரம் சுமையோடு ஓட்டியபின் பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே சொல்லும்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு, தேநீரின் பழுப்பு என்றால் சரி. எங்களுடையது கொஞ்சம் கறுப்பாகவே வந்தது. திருகை இன்னும் கால் சுற்று உள்ளே விட்டார் பெரியப்பா. கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவராக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். மேலே காற்று மெலிந்திருப்பதால் அதே ஜெட்டில் பெட்ரோல் மிகுதியாகும். பாகான் டத்தோ கடல் மட்டத்தில் கிடக்கிறது.

காது உடைந்த பழைய கார்புரேட்டரைப் பெரியப்பா தூக்கிப் போடவில்லை. திருகுகள், நெம்புகோல், மிதவை எல்லாவற்றோடும் ஒரு மைலோ டின்னில் போட்டு ஓட்டுநர் இருக்கையின் பின்னால் வைத்திருக்கிறார். அப்பா இப்போது வண்டியை விற்பதைப் பற்றிப் பேசுவதில்லை. டயரைப் பற்றிப் பேசுகிறார்.